படிவத்தில் தொலைந்த உழைப்பு

1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உழைக்கும் பெண்கள் 5 கோடியே 94 லட்சம் பேர். பத்தாண்டு கழித்து, 1971-இல் எடுத்த கணக்கில் அந்த எண் 3 கோடியே 13 லட்சமாக இறங்கிவிட்டது. அதே பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 44 கோடியிலிருந்து 55 கோடியாகப் பெருகியது. உழைக்கும் ஆண்களின் எண்ணிக்கை 12 கோடியே 92 லட்சத்திலிருந்து 14 கோடியே 91 லட்சமாகக் கூடியது. எந்தப் பஞ்சமும் எந்தப் பொருளாதாரச் சரிவும் ஆண்களை வளரவிட்டுப் பெண்களின் உழைப்பை மட்டும் பாதியாக வெட்டிவிடாது. நாற்று நட்டவர்கள் நட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தறிக்குத் தார் சுற்றியவர்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். மாறியது கணக்கெடுப்பாளரின் கையிலிருந்த படிவம். கணக்கெடுப்பு என்பது பல லட்சம் பேரைக் கொண்டு, குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டிய மாபெரும் பணித்திட்டம். கேள்வி, கேள்விகளின் வரிசை, கையேடு, பயிற்சி, நாட்காட்டி ஆகியவை அதன் கருவிகள். பெண்ணின் உழைப்பு தெரியுமா தெரியாதா என்பது இந்தக் கருவிகளைச் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. அட்டவணை அச்சாகும் நேரத்தில் அதைத் திருத்த வழியே இல்லை. இந்தியக் கணக்கெடுப்பின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

அந்த வரலாற்றின் தொடக்கத்தைத் திட்டமிடும் திறமையின் வரலாறாகவே படிக்கலாம். சென்னை மாகாணத்தில் 1851-52 முதற்கொண்டே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தலைக்கணக்கு எடுக்கப்பட்டது. 1871-72-இல் நாடு தழுவிய முதல் முயற்சி நடந்தது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே நாளில் அல்ல. 1881 பிப்ரவரி 17 அன்றுதான் பிரிட்டிஷ் இந்தியா முழுவதையும் ஒரே இரவில் எண்ணும் முறை வந்தது. அதற்காக நாடு சார்ஜ், சர்க்கிள், பிளாக் என்று படிப்படியாகப் பிரிக்கப்பட்டது. வீடுகளுக்கு எண் எழுதி, முன்கூட்டியே ஒரு முதற்கணக்கு எடுத்து வைத்துக்கொண்டு, குறித்த இரவில் போய்ச் சரிபார்த்தார்கள். 1901-இல் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சீட்டு என்ற முறை வந்தது. சீட்டுகளைப் பிரித்து அடுக்கி எண்ணியதால் தொகுக்கும் வேலை எளிதானது. ரயிலும் தந்தியும் எட்டாத கிராமங்கள் ஏராளமாக இருந்த காலத்தில் இவ்வளவு பெரிய வேலையை நாள் தவறாமல் முடித்தது சாதாரணக் காரியமல்ல. அந்த நிர்வாகத் திறமையை மதித்தே ஆக வேண்டும். ஆனால் எவ்வளவு நன்றாக ஓடும் எந்திரமும் எதை எண்ணும்படி அமைக்கப்பட்டதோ அதைத்தான் எண்ணும்.

எதை எண்ணுவது என்ற முடிவு ஓரளவு கடல் கடந்தே வந்தது. இங்கிலாந்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுப்பகுதிக் கணக்குகளில் மனைவி, தாய் என்ற பொறுப்புகளுக்குத் தொழில் வகைப்பாட்டில் ஓர் இடம் இருந்தது. 1881-இல் அவர்கள் தொழிலற்றோர் பட்டியலுக்குத் தள்ளப்பட்டார்கள். 1890-இல் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களின் புள்ளியியலாளர்கள் ஹோபார்ட் நகரில் கூடி, சோறு சம்பாதிப்பவர், அவரைச் சார்ந்திருப்பவர் என்ற பிரிவினையை ஏற்றார்கள். இந்தியாவில் 1901-ஆம் ஆண்டுப் படிவமும் உழைப்பவரின் தொழிலையும், அவரைச் சார்ந்தோர் பிழைக்கும் வழியையும் தனித்தனியாகக் கேட்டது. 1931-இல் சம்பாதிப்பவர், உழைக்கும் சார்ந்தோர், உழைக்காத சார்ந்தோர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். அப்போது தரப்பட்ட விளக்கம் உற்றுப் பார்க்கத் தக்கது. வீட்டைப் பார்த்துக்கொண்டு சமைக்கும் பெண் சார்ந்திருப்பவள். விறகோ சாணமோ பொறுக்கி வழக்கமாக விற்கும் பெண் சம்பாதிப்பவள். குயவனின் மனைவி தவறாமல் மண் சுமந்து கொடுத்தால் சம்பாதிப்பவள், எப்போதாவது உதவினால் சார்ந்திருப்பவள். இருவரையும் பிரிக்கும் கோட்டை இங்கே வேலை தீர்மானிக்கவில்லை. சந்தையும், அந்த வேலை எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்ற ஒருவரின் மதிப்பீடும் தீர்மானிக்கின்றன. அந்த ஒருவர் பெரும்பாலும் வாசலில் நின்று குடும்பத் தலைவரிடம் கேட்டு எழுதும் ஆண்.

கேள்வி எந்த மொழியில், எந்தச் சொல்லால் கேட்கப்படுகிறது என்பதும் ஒரு கருவிதான். தமிழில் 'வேலை செய்வது' வேறு, 'வேலைக்குப் போவது' வேறு. விடியுமுன் எழுந்து சாணம் தெளித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சோறாக்கி, சொந்த வயலில் களையெடுத்துவிட்டு வரும் பெண்ணிடம் "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டால் "இல்லை, வீட்டிலதான் இருக்கேன்" என்பதே இயல்பான பதில். அடுத்தவர் வயலில் கூலிக்குக் களையெடுத்தால் மட்டும்தான் அது 'போகிற' வேலை. வீட்டு ஆண்கள் பதில் சொன்னால் "அவ சும்மாதான் இருக்கா" என்று இன்னும் சுருங்கிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை. பேச்சுவழக்கில் அந்தச் சொல் கூலியையும் வாசலைத் தாண்டுவதையும் சேர்த்தே குறிக்கிறது. பெண்களே வேலை இல்லை என்று சொன்னால் கணக்கெடுப்பாளர் என்ன செய்ய முடியும் என்ற மறுப்பு இங்கே எழும். இந்த மாதத்தில் நடவுக்குப் போனீர்களா, மாடு யார் கறக்கிறார்கள், பால் எங்கே போகிறது, நெல் புழுக்கியது யார் என்று அடுக்கிக் கேட்டால் அதே பெண் விரிவாகப் பதில் சொல்வார். அந்தத் துணைக்கேள்விகளை எழுதி வைப்பதும், அவற்றைக் கேட்கப் பயிற்சி தருவதும், கேட்கும் அளவுக்கு நேரம் ஒதுக்குவதும் திட்டமிடுபவரின் வேலை.

1961-இல் அசோக் மித்ரா தலைமையில் நடந்த கணக்கெடுப்பு இந்த வேலையை ஓரளவு செய்தது. பருவகால வேலைகளில், பருவத்தின் பெரும்பகுதி நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஒழுங்காக உழைத்தவர் எவரும் உழைப்பாளி என்று அது வரையறுத்தது. வாசல் அகலமாகத் திறந்திருந்ததால் பெண்களில் ஏறக்குறைய 28 சதவீதம் பேர் கணக்கில் ஏறினார்கள். இந்த வரையறை மிகத் தளர்வானது, பகுதிநேர உதவியையும் முழு உழைப்பையும் ஒன்றாகக் கலக்கிறது என்ற விமர்சனம் எழுந்தது. அதில் நியாயம் இருந்தது. ஆகவே 1971-இல் முதலில் ஒவ்வொருவரின் முதன்மையான செயல்பாடு எது என்று கேட்டு எழுதச் சொன்னார்கள்; துணை வேலை இருந்தால் அதற்குப் பின் தனியாகக் குறிக்க வேண்டும். ஒழுங்காகத் தோன்றும் இந்த வரிசைதான் கோடிக்கணக்கான பெண்களை விழுங்கியது. முதன்மையாக என்ன செய்கிறாய் என்று கேட்டால், வீட்டையும் வயலையும் சேர்த்துச் சுமப்பவர் வீட்டைத்தான் முதலில் சொல்வார். அந்தப் பதில் எழுதப்பட்டதும் அவர் உழைக்காதோர் பத்தியில் விழுந்தார். இரண்டாவது கேள்வி தாளில் இருந்தது. ஆனால் நாடெங்கும் பேசப்படும் தலைப்பு எண் முதல் கேள்வியிலிருந்தே வந்தது.

எந்தப் பெண்கள் காணாமல் போனார்கள் என்று பார்த்தால் காரணம் தெளிவாகிவிடும். சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ பயிர் செய்பவர் என்று 1961-இல் பதிவான பெண்கள் 3 கோடியே 31 லட்சம். 1971-இல் 93 லட்சம். விவசாயக் கூலிகள் என்று பதிவான பெண்களோ 1 கோடியே 42 லட்சத்திலிருந்து 1 கோடியே 58 லட்சமாகக் கூடியிருந்தார்கள். கூலி வாங்கிய உழைப்பு படிவத்தில் தங்கியது. கூலியில்லாக் குடும்ப உழைப்பு உதிர்ந்தது. அதே காலத்தின் தேசிய மாதிரி ஆய்வு இன்னொரு சாட்சி. புள்ளியியலாளர் மகலனோபிஸின் முயற்சியில் 1950-இல் தொடங்கிய அந்த அமைப்புக்கு நிரந்தரக் களப்பணியாளர்கள் இருந்தார்கள், விரிவான கேள்வித்தாள் இருந்தது. பிழையைக் கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வகுத்திருந்தார்: ஒரே பகுதியிலிருந்து இரண்டு தனி மாதிரிகளை எடுத்து, இரண்டு குழுக்கள் தனித்தனியே ஆய்ந்து, இரு முடிவுகளையும் ஒப்பிடுவது. 1972-73-இல் அந்த ஆய்வு கிராமப்புறப் பெண்களில் ஏறக்குறைய 32 சதவீதம் பேர் உழைப்பதாகக் கண்டது. ஒன்றரை ஆண்டு முன்னதாக எடுத்த மக்கள்தொகைக் கணக்கிலோ நாடு முழுவதும் சேர்த்து 12 சதவீதம்தான். பொருளாதாரக் கேள்விகளை மட்டும் மீண்டும் கேட்டுப் பார்க்கும் மறு ஆய்வை அரசே நடத்தியது. அதன் பிறகு திருத்தப்பட்ட கணக்கும் 14 சதவீதத்தை ஒட்டியே நின்றது. கருவி பிழையாக இருந்தால் பின்னால் செய்யும் திருத்தம் எவ்வளவு கொஞ்சமாகவே உதவும் என்பதற்கு இது போதும்.

இந்தச் சரிவு உண்மையாகவே நடந்திருக்கலாம், எல்லாப் பழியையும் படிவத்தின் மேல் போடுவது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நெல் ஆலைகள் வந்ததும் உலக்கை பிடித்துப் பிழைத்த பெண்கள் வருமானத்தை இழந்தார்கள். ஆலை நூல் வந்ததும் கைராட்டை சுற்றியவர்கள் இழந்தார்கள். 1911-இல் ஏறக்குறைய 34 சதவீதமாக இருந்த பெண்களின் உழைப்பு விகிதம் 1951-இல் 23 சதவீதமாகக் குறைந்ததில் இத்தகைய உண்மையான இழப்புகளுக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் அதன் பிறகு வந்த எண்களை வரிசையாகப் பாருங்கள்: 1961-இல் 28, 1971-இல் 12, 1981-இல் 20, 1991-இல் 22, 2001-இல் 26. பொருளாதாரம் இப்படி ஏறி இறங்கி ஏறுவதில்லை. ஒவ்வொரு தாவலுக்கும் பக்கத்தில் ஒரு படிவ மாற்றம் நிற்கிறது. இதில் இன்னொரு தீங்கும் உண்டு. அளவுகோல் பத்தாண்டுக்கு ஒருமுறை நீண்டு சுருங்கினால், உலக்கையை இழந்த பெண்ணின் உண்மையான துயரத்தையும் நம்மால் அளக்க முடியாமல் போகிறது. சரிவு உண்மை என்று வாதிடுபவருக்கே நல்ல கருவி முதலில் தேவை.

இந்தப் பிழையின் விலை தாளோடு நிற்கவில்லை. விவசாயப் பயிற்சியும் கடனும் விதையும் யாருக்கு என்று திட்டமிடுபவர் கணக்கைத்தான் புரட்டுவார். அதில் பயிர் செய்யும் பெண்கள் முக்கால்வாசி மறைந்திருந்தால் திட்டம் ஆணின் பெயருக்கே போகும். 1971-இல் அமைக்கப்பட்டு, புல்ரேணு குஹா தலைமையிலும் வீணா மஜும்தாரை உறுப்பினர் செயலராகக் கொண்டும் இயங்கிய பெண்கள் நிலை பற்றிய குழு, 1974 இறுதியில் 'சமத்துவத்தை நோக்கி' என்ற அறிக்கையைத் தந்தது. ஆயிரம் ஆண்களுக்கு 1901-இல் 972 ஆக இருந்த பெண்கள் 1971-இல் 930 ஆகக் குறைந்ததையும், உழைப்பில் பெண்களின் பங்கு சரிந்ததையும் அது நாட்டின் முன் வைத்தது. கணக்கையே கேள்வி கேட்கும் ஒரு தலைமுறை அதிலிருந்து எழுந்தது. ஆய்வாளர்கள் தேவகி ஜெயினும் மாலினி சந்தும் ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் ஆறு கிராமங்களில் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று பார்த்து எழுதினார்கள்; வீட்டு வேலை என்ற பெயருக்குள் எவ்வளவு உற்பத்தி ஒளிந்திருக்கிறது என்பது அதில் தெரிந்தது. 1977-78-இன் தேசிய மாதிரி ஆய்வு வீட்டுப் பொறுப்பில் இருப்பதாகச் சொன்ன பெண்களிடம் கூடுதல் கேள்விகளைக் கேட்கத் தொடங்கியது. விறகு, கீரை, தீவனம் சேகரிப்பதோ வீட்டுக்காகத் தைப்பதோ நெய்வதோ உண்டா என்று கேட்டு, அவர்களுக்குத் தனிக் குறியீட்டெண் தந்தது. ஒரு குறியீட்டெண் சிறிய பொருள்தான். ஆனால் அது இல்லாதவரை அந்த உழைப்பைத் தேடுவதற்கு இடமே கிடையாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் பாடம் கற்றது. 1981-இல் அது உழைப்பாளி, உழைக்காதவர் என்ற இரண்டு கூடைகளை மூன்றாக்கியது: ஆண்டின் பெரும்பகுதி உழைத்தவர் முதன்மை உழைப்பாளி, அதற்குக் குறைவாக உழைத்தவர் குறுகியகால உழைப்பாளி, கொஞ்சமும் உழைக்காதவர் மூன்றாவது. வரிசையும் மாறியது, சென்ற ஆண்டில் ஏதாவது வேலை செய்தீர்களா என்பதே முதல் கேள்வி. 1991-இல் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில், பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றிச் செய்த வேலையும் உட்பட என்ற சொற்கள் படிவத்திலேயே அச்சாயின. கையேட்டின் நடுப்பக்கத்தில் கிடந்த விதி கேள்வியின் உடம்புக்குள் வந்த நாள் அது. ஐ.நா. பெண்கள் மேம்பாட்டு நிதியத்தின் துணையோடு, பெண்களின் வேலையை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லும் சுவரொட்டிகளும் பயிற்சிப் பொருள்களும் தயாராயின. புதிய கோட்பாடும் பெரிய சட்டமும் இங்கே தேவைப்படவில்லை. கேள்வியின் வரிசை, அடைப்புக்குள் சில சொற்கள், பயிற்சியில் ஒரு பாடம் ஆகியவையே போதுமாக இருந்தன. 2011-இல் பதிவான ஏறக்குறைய 15 கோடி உழைக்கும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் குறுகியகால உழைப்பாளிகள். 1971-இன் முறை நீடித்திருந்தால் அவர்களில் பெரும்பாலோர் உழைக்காதோர் பட்டியலில்தான் இருந்திருப்பார்கள்.

எல்லாரையும் உழைப்பாளி என்று எழுதிவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன, வேலைவாய்ப்பைத் திட்டமிட அது எப்படி உதவும் என்பது பொருளியலாளர்களின் வலுவான மறுப்பு. கூலி வேலை தேடும் பெண்ணையும் வீட்டுக்குக் கீரை பறிக்கும் பெண்ணையும் ஒரே எண்ணில் அடைத்தால் இருவருக்குமே பயனில்லை என்பது உண்மை. அதற்கு விடை சொல்லை அகலமாக்குவது அல்ல, அளவை நுணுக்கமாக்குவதுதான். நேரப் பயன்பாட்டு ஆய்வு அதற்காகவே பிறந்தது. 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை, இந்திரா ஹிர்வே தலைமையிலான நிபுணர் குழுவின் வழிகாட்டலில், தமிழ்நாடு, குஜராத், ஹரியானா, மத்தியப் பிரதேசம், ஒடிசா, மேகாலயா ஆகிய ஆறு மாநிலங்களில் 18,591 குடும்பங்களில் அது நடந்தது. ஓராண்டு முழுவதும் பரப்பியதால் நடவுக் காலமும் அறுவடைக் காலமும் வேலையில்லாக் காலமும் பிடிபட்டன. நாட்குறிப்பு எழுதத் தராமல் நேரில் கேட்டு எழுதியதால் எழுத்தறியாதவர்களின் நாளும் பதிவானது. வழக்கமான நாள், வாரத்தில் மாறுபடும் நாள், அசாதாரண நாள் என்று பிரித்துக் கேட்டார்கள். தேசிய வருமானக் கணக்கில் சேரும் வேலைகளுக்கு வாரத்தில் ஆண்கள் சுமார் 42 மணி நேரமும் பெண்கள் சுமார் 19 மணி நேரமும் செலவிட்டார்கள். சமையல், பராமரிப்பு போன்ற கூலியில்லா வேலைகளுக்கு ஆண்கள் 3.6 மணி நேரம், பெண்கள் 34.6 மணி நேரம். இரண்டையும் கூட்டினால் பெண்ணின் வாரம் நீளமானது. யார் உழைப்பாளி என்ற வாதத்துக்குள் போகாமலேயே இந்த ஆய்வு உண்மையைச் சொல்லிவிட்டது.

செலவைச் சுட்டும் மறுப்பும் உண்டு. கோடிக்கணக்கான வீடுகளில் ஒரு கேள்வி கூடினாலும் நாளும் பணமும் கூடும். கணக்கெடுப்பாளர் களைத்தால் எல்லாப் பதில்களுமே கெடும். ஆகவேதான் எதை எல்லார் வீட்டிலும் கேட்பது, எதை மாதிரி ஆய்வுக்கு விடுவது என்ற பகுப்பு முதல் நாளே நடக்க வேண்டும். அது நடந்ததால்தான் 2019-இல் நாடு முழுவதுக்குமான நேரப் பயன்பாட்டு ஆய்வு சுமார் 1.39 லட்சம் குடும்பங்களோடு முடிந்தது. கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஈடுபடும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாக அது காட்டியது. எண்ணிக்கை கூடினால் வாழ்க்கை உயர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும் தவறையும் நல்ல திட்டம் தடுக்கும். தொழிலாளர் ஆய்வுகளின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு 2017-18-இல் 23.3 சதவீதம், 2023-24-இல் 41.7 சதவீதம். இந்த உயர்வில் பெரும்பகுதி சுயதொழிலிலும் குடும்பத் தொழிலுக்குக் கூலியின்றி உதவுவதிலும் இருக்கிறது. உதவியாளர் என்று தனிக் குறியீடு இருப்பதால்தான் இதை நம்மால் பிரித்துப் பார்க்க முடிகிறது. அது இல்லாவிட்டால் அந்த உயர்வு முழுவதும் புதிய வேலைவாய்ப்பு என்றே படிக்கப்படும். காணாமல் போன உழைப்பைக் கொண்டுவருவதும், கூலியில்லா உழைப்பைக் கூலி உழைப்போடு குழப்பாமல் காப்பதும் ஒரே கருவியின் இரண்டு கடமைகள்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ நிலைநாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. தாளுக்குப் பதில் கைபேசிச் செயலியும், குடும்பங்கள் தாங்களே விவரம் பதியும் வசதியும் இதில் புதியவை. கருவி மாறும் இடத்தில்தான் 1971 நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவர் எல்லாருக்காகவும் செயலியில் பதியும்போது, அடுத்த அறையில் இருக்கும் பெண்ணின் ஆண்டு முழுவதையும் அவர் எந்தச் சொல்லில் சுருக்குவார்? 'இல்லை' என்பதைத் தொட்டதும் அடுத்த கேள்வி மறைந்துவிடுமா, அல்லது வயல், மாடு, தறி, கடை என்று ஒவ்வொன்றாகக் கேட்குமா? கூலியில்லாத வேலையும் உட்பட என்ற சொற்கள் திரையில் கேள்வியோடு ஒட்டி நிற்குமா, உதவிப் பக்கத்துக்குள் போய்விடுமா? இவை செயலியை வடிவமைப்பவரும் பயிற்சி அட்டவணை போடுபவரும் தமிழில் மொழிபெயர்ப்பவரும் எடுக்க வேண்டிய முடிவுகள். 1961-க்கும் 1971-க்கும் இடையில் தொலைந்த ஏறக்குறைய 3 கோடிப் பெண்களை எந்த மறு ஆய்வாலும் முழுதாக மீட்க முடியவில்லை. அவர்கள் தொலைந்த இடம் வயலும் அல்ல, அடுப்படியும் அல்ல. இரண்டு கேள்விகளில் எதை முதலில் கேட்பது என்று முடிவான இடத்தில்தான் அவர்கள் தொலைந்தார்கள். அவர்களைப் போல இன்னொரு தலைமுறை தொலையாமலிருக்கக் காவல் நிற்க வேண்டிய இடமும் அதுதான்.